மார்கழிக்கு எந்த வாசனை?



சிறுமலைக் குளிர் திண்டுக்கல்லுக்குள் இறங்கிவிட்டது. பேகம்பூர்ப் பக்கம் வாங்கிய இரண்டு அம்பர் அத்தர் பாட்டில்கள் மேசையில் இருக்கின்றன. ஒன்றில் வெனிலா இனிப்பு தூக்கல். மற்றதில் பிசின் வாசம் தூக்கல்.

வாசனைத் தொழிலில் அம்பர் என்பது ஒரே பொருளன்று. பெரும்பாலும் லாப்டனம் என்ற செடிப் பிசின், சாம்பிராணி, வெனிலா சேர்ந்த கலவை. பிசின் மெதுவாக ஆவியாவதால் குளிரிலும் நின்று மணக்கும். நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் கூதிர் காலத்தில் சந்தனக்கல் சும்மா கிடக்கிறது, அகில் புகைகிறது. முன்னோர் கணக்கும் அதுதான்.

கடையில் முகர்ந்ததும் முடிவு செய்யாதீர்கள். கைக்கு ஒன்றாகத் தடவி இரண்டு மணி நேரம் பொறுங்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

என் வீட்டம்மாவுக்கு 2021இல் கொரோனா வந்து போனபின் நிலக்கோட்டை மல்லிகை வாசம்கூடத் தெரிவதில்லை. சும்மா இரு கைகளையும் நீட்டினேன். வலது கையில் ஒன்றும் தெரியவில்லை. இடது கையை முகர்ந்தவர் நிமிர்ந்தார். "ஏங்க, தலைக்கு ஊத்துனா அம்மா போடுற சாம்பிராணி மாதிரி இருக்கே!"

வெனிலா பாட்டிலைத் தம்பி மகனுக்குக் கொடுத்துவிட்டேன்.