ஆண்டாள் கொண்டையும் ஜடைநாகமும்

வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் பெண்களின் பழைய தொப்பிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அவற்றின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர்ப் பெண்களின் தலை அலங்காரம்தான் நினைவுக்கு வரும்.

ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே கோயிலில் ஆண்டாளின் சாய்ந்த கொண்டையைப் பாருங்கள். பரதநாட்டிய மேடை வரைக்கும் போன கொண்டை அது! இடக்கையில் இருக்கும் கிளியைத் தினமும் புதிதாகச் செய்கிறார்கள். பச்சை இலைகளால் உடல், மாதுளம்பூவால் மூக்கு. மறுநாளைக்கு மறுபடி வேறு கிளி. ஆண்டாள் சூடிக்களைந்த மாலை புரட்டாசியில் திருப்பதிக்கும், சித்திரையில் மதுரை அழகருக்கும் போகிறது. பெட்டிக்குள் வைக்க முடியாத அணிகள் இவை. செய்யும் கைகள் இருக்கும்வரைதான் இருக்கும்.

நகைகளின் கதை வேறு. வகிட்டின் வலப்பக்கம் சூரியபிரபை, இடப்பக்கம் சந்திரபிரபை, பின்தலையில் ராக்கொடி, பின்னல் நெடுக ஜடைநாகம், நுனியில் குஞ்சலம். ஒரு காலத்தில் கல்யாணப் பெண்ணுக்கு இவ்வளவும் உண்டு. இன்று பெரும்பாலும் வாடகை செட்தான். பழையதைப் பல வீடுகளில் உருக்கி வளையலாக்கிவிட்டார்கள். அதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

உங்கள் வீட்டில் அப்பத்தாவின் ராக்கொடி இருந்தால் தயவுசெய்து உருக்கக் கொடுக்காதீர்கள். படம் எடுத்து, யார் எப்போது அணிந்தது என்று எழுதி வையுங்கள். இங்கேயும் பகிருங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.