தள்ளி நிற்பதும் பரிவே

நோயுற்றோரை நேரிற் கண்டு நலம் வினவுதல் நம் மக்களிடையே தொன்றுதொட்டு வரும் நற்பண்பாகும். இஸ்லாம் அதனை ஒருவர்க்கொருவர் ஆற்றவேண்டிய கடமைகளுள் ஒன்றாகவே வைத்துள்ளது. ஆயினும், எவ்வாறு சென்று காண்பது என்னும் வினாவைக் கொரோனாக் காலம் நம்முன் வைத்தது. இரத்தப் புற்றுநோயாளர் வாழும் இல்லங்களில் அவ்வினா இன்றும் எழுகின்றது.

2020 மே மாதத் தொடக்கத்தில் தமிழகத்தின் ஒரே பச்சை மண்டலமாக விளங்கியது கிருஷ்ணகிரி மாவட்டம். அந்நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. கர்நாடக எல்லையை நாள்தோறும் கடப்போரும், சிப்காட் ஆலைகளுக்கு ஷிப்டு முறையில் வருவோரும் நிறைந்த ஓசூரில் தொற்றுக்கு வேலியிடுதல் எளிதன்று.

அவ்வூரில் வாழும் என் சாச்சாவுக்கு 2021இல் நிணநீர்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருவில் சிகிச்சை பெற்றார். நோய் தணிந்த பின்னரும் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை ரிட்டுக்சிமாப் என்னும் மருந்து தொடர்ந்தது. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்பொருளை உண்டாக்குபவை பி அணுக்கள். அம்மருந்து புற்றணுக்களோடு நல்ல பி அணுக்களையும் அகற்றிவிடும். ஆதலால் தடுப்பூசி போட்டுக்கொண்டாலும் போதிய எதிர்ப்பொருள் உண்டாகாமற் போகலாம். தொற்றினால் கிருமி வாரக்கணக்கில் உடலில் தங்கவும் கூடும். இதனால் தடுப்பூசி வீண் என்பது பொருளன்று. நோயாளர்க்கும் அது வேண்டும். சூழ வாழ்வோர்க்கும் வேண்டும். சூழ்ந்திருப்போரே அவர்க்கு வேலி.

2022 மே 3 அன்று நோன்புப் பெருநாள். ஊரடங்கு நீங்கிய மகிழ்ச்சியில் உறவினர் திரண்டு வந்தனர். சாச்சி முற்றத்தில் நாற்காலிகளை இடைவெளி விட்டுப் போட்டிருந்தார்; முகக்கவசமும் எடுத்து வைத்திருந்தார். சாச்சியின் மூத்த சகோதரர் மனம் நொந்து, "தழுவிக்கொள்ளாத பெருநாளும் ஒரு பெருநாளா?" என்றார்.

"அவரைத் தழுவ இன்னும் பல பெருநாள் வரணும்ணே. அதுக்குத்தான் இன்னைக்குத் தள்ளி நிக்கச் சொல்றேன்" என்றார் சாச்சி.

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. முகக்கவசத்தை அணிந்துகொண்டு முற்றத்திலேயே அமர்ந்து, ஒரு மணி நேரம் பழங்கதை பேசினார். உள்ளறைச் சன்னலருகே இருந்த சாச்சா வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் நெடுநாளைக்குப்பின் கேட்டோம்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2023 மே 5 அன்று அவசரநிலை முடிந்ததென அறிவித்தது. கிருமியோ மறைந்துவிடவில்லை. ஊர்க்கு முடிந்த அச்சம் இத்தகையோர்க்கு முடியவில்லை என்பதை நாம் உணர வேண்டும். இருமலோ காய்ச்சலோ உடையவர் அவ்வில்லங்களுக்குச் செல்லாது தொலைபேசியில் நலம் கேட்கலாம். செல்வோர் முகக்கவசம் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் அமரலாம். நோயாளர்க்குக் காய்ச்சல் கண்டால், மறுநாள் பார்ப்போம் என்றிராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கொரோனாவுக்கான மருந்தும் முதற் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் நற்பயன் தரும்.

நோயாளர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என மருத்துவத்தை நான்காகப் பகுத்தார் வள்ளுவர். நலம் வினவ வருவோரை ஐந்தாவதாகச் சேர்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகின்றது. மாணவச் செல்வங்களே! அந்த ஐந்தாம் இடம் நம் ஒவ்வொருவர்க்கும் உரியது. அதனை அறிந்து ஆற்றுவோமாக!