புள்ளி என்றைக்கு வந்தது?

ஏலத்தோட்டத்து நிழலில் கண்ணுக்குள் மிதக்கும் புள்ளி அவ்வளவாகத் தெரியாது. ஜீப் போடிமெட்டு வளைவுகளில் ஏறி, வெளிச்சமான வானம் எதிரே விரியும்போது தெரியும். போடிநாயக்கனூரிலிருந்து அதிகாலையில் கிளம்பி, எல்லை தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் காய் எடுக்கப் போகிற பெண்களில் ஐம்பதைத் தொட்டவர்கள் அதைப் பல விதமாகச் சொல்வார்கள். கொசு பறக்குது, நூல் தொங்குது, ஒட்டடை ஆடுது. கையால் தட்டிவிடப் பார்த்ததாகச் சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களும் உண்டு.

அடுத்து, மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு மருந்து. அந்தக் காசு தண்டம். புள்ளி இருப்பது விழியின் உட்புறத்தில்; அதைக் கரைக்கிற சொட்டு மருந்து கிடையாது.

விழியின் பெரும்பகுதியை இளநுங்கு போன்ற ஒரு பொருள் நிரப்பியிருக்கிறது. கண் மருத்துவத்தில் விட்ரியஸ் என்பார்கள். ஏறத்தாழ 99 சதவீதம் தண்ணீர். மீதியில் மெல்லிய புரத இழைகள். வயது ஏற ஏற அது நீர்த்துச் சுருங்கும், இழைகள் திரண்டு மிதக்கும், அவற்றின் நிழல் விழித்திரையில் விழும். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கும் கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இது சீக்கிரமே வரக்கூடும். பெரும்பாலும் தொந்தரவோடு சரி. ஆனால் சுருங்கும்போது அது விழித்திரையைப் பிடித்திழுத்துக் கிழித்துவிட்டால் கதை வேறு. கிழிசல் வழியே நீர் புகுந்து திரை பெயர்ந்தால் பார்வை போகும். இதில் வலியே இருக்காது. வலித்திருந்தால் பலர் அன்றைக்கே கண் மருத்துவமனைக்கு வந்திருப்பார்கள்.

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985-ல் தேனிக்கு வந்தது. இருபது ஆண்டு கழித்து, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேனி மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களோடு நெடுந்தூர வைஃபை மூலம் இணைத்துக் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று போடி. தொடக்கத்தில் பரிசோதனைக் கட்டணம் 20 ரூபாய். இத்தகைய மையங்களில் டாக்டர் உட்கார்ந்திருக்க மாட்டார். பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து, பிளஸ் டூ முடித்து, இரண்டு ஆண்டு பயிற்சி பெற்ற பெண்கள்தான் கண்ணைப் பார்ப்பார்கள். நோயாளிகளுக்கு அவர்கள் ‘சிஸ்டர்’. சிஸ்டர் பார்த்துப் பதிவு செய்ததை வைத்து, தேனியிலிருக்கும் டாக்டர் வீடியோவில் பேசுவார்.

புள்ளி என்று வருகிறவரிடம் சிஸ்டரின் முதல் கருவி வாய்தான்.

“எப்ப இருந்தும்மா?”

“கொஞ்ச நாளாத்தான், தாயி.”

இந்தக் ‘கொஞ்ச நாள்’ மூன்று நாளாக இருக்கலாம், மூன்று வருஷமாகவும் இருக்கலாம். மூன்று வருஷமாக ஒரே புள்ளி என்றால் பரபரக்க வேண்டியதில்லை. மூன்று நாள் என்றால் அவசரம். தேதி கேட்டால் பதில் வராது. வீரபாண்டித் திருவிழாவுக்கு முன்னாடியா பின்னாடியா, போன எடுப்புக்குப் போனப்ப இருந்துச்சா என்று கேட்டால் சரியாக வரும். ஒன்றிரண்டா, தூவின மாதிரியா? இருட்டில் ஓரத்தில் மின்னல் வெட்டுகிறதா? ஒரு பக்கமாகத் திரை இறங்குகிறதா? ஒரு கண்ணா, இரண்டுமா? கடைசிக் கேள்விக்குக் கையால் ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொல்லியே பதில் வாங்க வேண்டும். நல்ல கண் மற்றதன் குறையை அவ்வளவு திறமையாக மறைத்துவிடும். நெளிநெளியான வெளிச்சக் கோடு கால் மணி, அரை மணி நேரம் ஓடி மறைந்து, பின்னாலேயே தலைவலி வந்தால் அது பெரும்பாலும் ஒற்றைத் தலைவலிக் கணக்கில் சேரும்.

அனுபவமில்லாத சிஸ்டர் தவறவிடுவது நோயை அல்ல, பயத்தை. தேனிக்குப் போகச் சொல்லிவிடுவார்களோ, ஒரு நாள் கூலி போகுமோ, ஆபரேஷன் என்று ஆயிரக்கணக்கில் கேட்பார்களோ என்ற கவலையில் பதில்கள் தானாகச் சுருங்கும். “லேசாத்தான்”, “எப்பவாச்சும்தான்” என்பார்கள். பொய் என்று சொல்ல முடியாது. கையில் காசில்லாதவர் நோயையும் சின்னதாக்கித்தான் சொல்வார். அதனால் இங்கே எவ்வளவு ஆகும், தேனியில் இலவசப் பிரிவு உண்டா, கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எப்படிப் போவது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருவதே நல்லது. பயிற்சிப் பாடத்தில் இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

பிறகுதான் ஸ்லிட் லேம்ப். ஒளிக்கீற்றைச் சாய்த்து லென்ஸுக்குப் பின்னால் கவனம் வைத்து, நோயாளியை மேலும் கீழும் பார்க்கச் சொன்னால், சில கண்களில் பழுப்புத் துகள்கள் மிதந்து போவது தெரியும். புகையிலைத் தூள் என்றே மருத்துவர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கிழிந்த இடத்திலிருந்து உதிர்ந்த நிறமி அது. அதைப் பார்த்தபின் யோசிக்க ஒன்றுமில்லை, அன்றைக்கே தேனி.

துகள் தெரியவில்லை என்பதால் கிழிசல் இல்லை என்றும் சொல்ல முடியாது. கையில் பிடித்துப் பார்க்கும் ஆப்தல்மோஸ்கோப் விழித்திரையின் நடுப்பகுதியைத்தான் காட்டும். கிழிசல் விழுவது பெரும்பாலும் ஓரத்தில். கண் பாப்பாவை மருந்து விட்டு விரித்து, தலையில் விளக்கு மாட்டிய டாக்டர் ஓரம் முழுவதையும் பார்த்தாக வேண்டும். புதிதாகப் புள்ளியோ மின்னலோ வந்து, விட்ரியஸ் பிரிந்திருப்பவர்களில் சுமார் ஏழு பேருக்கு ஒருவருக்குக் கிழிசல் இருப்பதாக ஆய்வுகளைத் தொகுத்த கணக்கு ஒன்று சொல்கிறது. மீதி ஆறு பேர் வீணாக அலைந்தோம் என்று திட்டுவார்கள். திட்டட்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் திடீரென்று கரும்புள்ளி கொட்டினால் அது உள்ளே கசிந்த ரத்தமாக இருக்கலாம். வயது பார்க்காமல் அனுப்ப வேண்டிய கூட்டம் இது.

கிழிசலோடு பிடித்துவிட்டால் பெரும்பாலும் லேசர் போதும், அன்றே வீடு திரும்பலாம். விழித்திரை பெயர்ந்த பிறகு வந்தால் பெரிய அறுவை, பல நாள் ஓய்வு, பல நாள் கூலி இழப்பு. பார்வை முழுதாகத் திரும்பும் என்ற உறுதியும் இல்லை.

போடியிலிருந்து தேனி சுமார் 15 கிலோமீட்டர்தான். பாப்பாவை விரித்தால் சில மணி நேரம் எழுத்து மங்கும், வெயில் கூசும். துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள், காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் புள்ளி வந்திருந்தால், மின்னல் வெட்டினால், ஓரத்தில் திரை இறங்கினால், இந்த எடுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே கிளம்புங்கள்.