பார்த்ததை எழுது, எழுதியதைச் சொல்

எங்கள் பக்கம் நர்ஸ் என்றால் ஊசி போடுகிறவர், டிரிப்ஸ் ஏற்றுகிறவர், டாக்டர் சொன்னதைச் செய்கிறவர். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஏரிப் பாசன ஊர்களில் ஒன்றில் பிறந்து வளர்ந்த நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிளஸ் டூவில் டாக்டர் படிப்புக்கு மார்க் எட்டவில்லை. "நர்ஸிங் படிச்சிடு, கையில ஒரு வேலை இருக்கும்" என்றார் அப்பா. ஆசைப்பட்டது கிடைக்காததால் கிடைத்ததை எடுத்துக்கொண்டோம் என்ற மனக்குறையோடுதான் மூன்றாண்டு டிப்ளமோவில் சேர்ந்தேன். வேலைக்கு வந்த பிறகும் அந்தக் குறை நெடுநாள் போகவில்லை. அது எப்படிப் போனது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இன்றும் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் பலர் அதே குறையோடுதான் இந்தப் படிப்புக்கு வருகிறார்கள்.

படிக்கும்போது வார்டில் எங்களுக்கு ஒரு சார்ஜ் சிஸ்டர் இருந்தார். யார் கேஸ் ஷீட்டில் "நோயாளி நலம்" என்று எழுதினாலும் அடித்துவிடுவார். "நல்லா இருக்காங்கன்னு எழுதாதே. நீ என்ன பார்த்தே, எத்தனை மணிக்குப் பார்த்தே, அதை எழுது" என்பார். மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, சிறுநீர் எத்தனை மில்லி, எழுந்து உட்கார்ந்தாரா, சாப்பிட்டதைத் துப்பினாரா என்று எல்லாம் வேண்டும் அவருக்கு. அப்போது அது வெறும் கெடுபிடியாகத் தோன்றியது. அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இந்தத் தொழிலின் அடிப்படையையே என்பது, உத்திரமேரூருக்குச் சற்றுத் தள்ளி ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நைட் டூட்டி பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

நடவு நேரம் அது. விடிவதற்கு வெகு முன்பே ஓர் இளைஞரை அவர் அம்மா அழைத்துவந்தார். மோட்டார் கொட்டாயில் காவலுக்குப் படுத்திருந்தவருக்கு நடுராத்திரியில் வயிற்றுவலி. "ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கல போல நர்ஸம்மா, ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்றார் அம்மா. பி.பி., நாடி, காய்ச்சல் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் அந்தப் பையன் என்னோடு பேசும்போது முகவாயைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்தார். இமைகள் பாதிக்கு மேல் எழவில்லை. "தூக்கம்மா அவனுக்கு" என்றார் அம்மா. "எதுல படுத்திருந்தேப்பா?" என்று கேட்டேன். "தரையிலதான் சிஸ்டர், பாய் போட்டு."

உடம்பு முழுக்கத் தேடியும் கடிவாய் எதுவும் தெரியவில்லை. கட்டுவிரியன் கடி அப்படித்தான் இருக்கும். இரவில் தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். வலியோ வீக்கமோ அனேகமாக இருக்காது. முதலில் வயிற்றுவலி வரலாம். பிறகு இமை இறங்கும், விழுங்க முடியாமல் போகும், கடைசியில் மூச்சு விடுகிற தசைகளே ஓய்ந்துவிடும். இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான உலர்ந்த கண்ணாடி டியூபில் விட்டு, யாரும் அசைக்காத இடத்தில் வைத்து மணி குறித்தேன். இருபது நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்க்கும்போது ரத்தம் உறையாமல் ஓடினால், எங்கள் பக்கத்தில் அது கண்ணாடி விரியன் போன்ற பாம்பின் விஷம். பிறகு அந்தப் பையனிடம், "நல்லா மூச்சு இழுத்து, ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டு எண்ணுப்பா" என்றேன். 24 வரை எண்ணினார். எழுதிக்கொண்டேன். கால் மணி கழித்து மறுபடி எண்ணச் சொன்னேன். 17-இல் நின்றார்.

ராத்திரியில் டாக்டரை எழுப்புவதற்கு அந்தக் காலத்தில் நான் மிகவும் பயப்படுவேன். வெறும் அஜீரணமாக இருந்துவிட்டால் என்ன நினைப்பார் என்று மனம் அடித்துக்கொள்ளும். அன்றைக்கு என் கையில் இரண்டு எண்கள் இருந்தன. "24 எண்ணினவர் கால் மணியில 17தான் எண்ணுறார் சார். இமை இறங்குது. தரையில படுத்திருந்திருக்கார். கட்டுவிரியனா இருக்கலாம்னு நினைக்கிறேன்." குவார்ட்டர்ஸிலிருந்த மருத்துவ அலுவலர் கேட்டது ஒன்றைத்தான்: "கிளாட்டிங் டெஸ்ட் வச்சீங்களா?" "வச்சிருக்கேன் சார், இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு." அவர் வந்து சேர்ந்தபோது டியூபைச் சாய்த்தோம், ரத்தம் உறைந்திருந்தது. கண்ணாடி விரியன் இல்லை. நரம்பைத் தாக்கும் விஷம் என்று அவர் முடிவு செய்து, விஷமுறிவு மருந்து பத்துக் குப்பிகளை சலைனில் கலந்து ஏற்றச் சொன்னார். ஒவ்வாமை வந்தால் உடனே போட அட்ரினலின் சிரிஞ்சில் தயாராக இருந்தது. 108 வண்டியில் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம், தலைமாட்டில் மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக்கோடு. அங்கே வென்டிலேட்டரில் இருந்து பிழைத்து வீடு திரும்பினார்.

நோயைக் கண்டுபிடித்து மருந்தைத் தீர்மானித்தவர் டாக்டர். அதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் 24-க்கும் 17-க்கும் இடையில் நடந்ததை, பக்கத்திலேயே இருந்த ஒருவரால்தான் பார்த்திருக்க முடியும். டாக்டர் வந்து போகிற இரண்டு வேளைகளுக்கு நடுவில் நோயாளி வாழ்கிற நேரம் முழுவதும் நர்ஸின் பொறுப்பில் இருக்கிறது. அந்த நேரத்தில் எதை எதிர்பார்த்துக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் இந்தப் படிப்பு. என் மனக்குறை கரையத் தொடங்கியது அந்த இரவில்தான்.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளை நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்தே அறிவோம். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் பொறித்தவை. குடவோலை முறை என்று தேர்தலைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறொரு விதி: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர், அவருடைய உறவினர்கள், இவர்களின் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. பொறுப்பில் இருந்தவர் செய்ததை எழுதிக் காட்டியாக வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டிவைத்த ஊர் இது. நர்ஸின் சார்ட்டும் அப்படி ஒரு கணக்குதான். நேரம், எண், கையெழுத்து மூன்றும் இருந்தால்தான் அடுத்த ஷிஃப்ட்டில் வருகிறவர் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும்.

கையில் விளக்கோடு நிற்கும் படமாகவே நாம் அறிந்த ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பெரிய கணக்குக்காரர். கிரிமியப் போரில் வீரர்களைக் காயங்களைவிடச் சுகாதாரக் கேட்டால் வரும் நோய்களே அதிகம் கொன்றன என்பதை 1858-இல் வரைபடமாகப் போட்டு அரசாங்கத்தின் முன் வைத்தார். கருணையோடு எண்ணும் எழுத்தும் சேர்ந்தபோதுதான் படை மருத்துவமனைகளைத் திருத்தும் வேலை நடந்தது.

பிரசவ அறையிலும் இதே பாடம்தான். குழந்தை அழுததும் அறையில் இருக்கிற எல்லோர் கண்ணும் குழந்தை மேல். நர்ஸின் ஒரு கை மட்டும் தாயின் வயிற்றில் இருக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் பத்து யூனிட் ஆக்சிடோசின் ஊசி. நஞ்சு முழுதாக வந்ததா என்று பார்ப்பது. முதல் ஒரு மணி நேரம் கால் மணிக்கு ஒரு முறை நாடி, பி.பி., உதிரப்போக்கு. கர்ப்பப்பை பந்து போல இறுகியிருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் உடனே தேய்த்துவிட்டு ஆள் கூப்பிட வேண்டும். "பேரன் பொறந்துட்டான், இன்னும் என்ன சிஸ்டர் அழுத்திக்கிட்டே இருக்கீங்க?" என்று பாட்டிமார்கள் கோபிப்பார்கள். பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கில் தாய் சாவது அந்த ஒரு மணி நேரக் கவனக்குறைவில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது என்று பொறுமையாகச் சொல்வேன்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே இந்த வேலை இன்னும் விரிகிறது. சமவெளிப் பகுதியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு கிராம சுகாதார செவிலியர். எந்த வீட்டில் யார் கர்ப்பம், யாருக்குப் போன பிரசவத்தில் சிக்கல், எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே போகிறது. ஒரு முறை கிராம சுகாதார செவிலியரோடு நான் போனபோது ஒரு பாட்டி மாத்திரை அட்டைகளை அப்படியே அரிசி டப்பாவில் சேர்த்துவைத்திருந்தார். "தலை சுத்துனா போட்டுக்குவேம்மா" என்றார். டப்பாவைத் திறந்து பார்த்த அந்தச் செவிலியர், தினமும் ஏன் போட வேண்டும் என்று திண்ணையில் உட்கார்ந்து விளக்கிவிட்டுத்தான் எழுந்தார். கற்பிப்பதும் நர்ஸின் தொழில்தான்.

இந்தத் தொழில் தமிழ்நாட்டில் நேற்று முளைத்ததல்ல. சென்னை அரசு பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி தொடங்கியது 1871-இல். வேலூரில் ஐடா ஸ்கடர் நர்ஸ்களுக்கான பள்ளியை 1909-இல் தொடங்கினார். பெண் மருத்துவர்களுக்கான பள்ளி அதன் பிறகு, 1918-இல்தான் வந்தது. செவிலியர் பதிவுக்கான மெட்ராஸ் சட்டம் 1926. நான்காண்டு பட்டப்படிப்பு 1946-இல் வேலூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. இன்று இரண்டாண்டு ஏ.என்.எம்., மூன்றாண்டு ஜி.என்.எம்., நான்காண்டு பி.எஸ்ஸி. என்று படிகள் இருக்கின்றன. ஜி.என்.எம். முடித்தவர் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் படித்துப் பட்டம் வாங்கலாம், மேலே எம்.எஸ்ஸி., ஆய்வு என்றும் போகலாம். எந்தப் படியில் நின்றாலும் நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்த பெயரும் எண்ணும் நம்முடையவை. நம் கையால் செய்ததற்கு நாமே பொறுப்பு.

பிளஸ் டூ முடித்துவிட்டுத் தயங்கி நிற்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது: டாக்டர் படிப்புக்கு அடுத்தபடி என்று எண்ணி இதற்கு வராதீர்கள். இது வேறு படிப்பு, இதற்கு வேறு கண் வேண்டும். அந்தக் கண் பழக்கத்தால் வரும். முதல் நாளிலிருந்தே பார்த்ததை எழுதுங்கள். எழுதியதை, கேட்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், எந்த நேரமாக இருந்தாலும் சொல்லுங்கள்.

ஊர்க்காரர்களிடம் ஒன்று கேட்பேன். போதனா மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், பொது மருத்துவமனையில் 5 பேருக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சிலின் அளவுகோல். உங்கள் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வேண்டும், ஸ்கேன் வேண்டும் என்று கிராம சபையில் மனு கொடுக்கும்போது, ராத்திரி டூட்டியில் எத்தனை நர்ஸ் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஒருவரே நாற்பது கட்டிலைப் பார்த்தால் அவரால் ஊசியும் மாத்திரையும் கொடுத்து முடிக்கத்தான் நேரம் இருக்கும். கால் மணி கழித்து மறுபடி வந்து பார்க்க நேரம் இருக்காது. அந்த இரண்டாவது பார்வைக்கு வேண்டிய ஆட்களைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.