ஆட்டுக்கிடையும் ஏழாம் வகுப்பும்

கேள்வி-பதில் பகுதிக்குச் சிவகங்கைப் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். "தை முடிந்ததும் ஆட்டை ஓட்டிக்கொண்டு டெல்டாவுக்குக் கிடைக்குப் போவோம். தண்ணீர் திறக்கும் வரைக்கும் அங்கேதான் இருப்பு. பிள்ளையை ஊரில் விட்டுப் போவதா, கூட்டிக்கொண்டு போவதா?" என்பது கேள்வி. ஆட்டைப் பற்றியோ எருவைப் பற்றியோ கேட்டிருந்தால் நான்கு வரியில் பதில் எழுதியிருப்பேன். இதற்கு நான்கு வரி போதாது. அதனால் தனியாக எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கமுதிப் பக்கம். மதுரை வேளாண்மைக் கல்லூரியில் படித்து, வேலையில் சேர்ந்து, இத்தனை வருஷத்தில் மாவட்டம் மாவட்டமாகச் சுற்றியாயிற்று. 2021இல் மன்னார்குடிப் பக்கம் மாறுதல் வந்தது. வீட்டுக்காரருக்கு இரண்டரை ஏக்கர் மானாவாரி, முண்டு மிளகாய். மாசி தொடங்கிச் சித்திரை வரைக்கும் பழம் எடுப்பு, களத்தில் காயப்போடுவது, மூட்டை பிடிப்பது. விட்டுவிட்டு வர முடியாது. பையன் கல்லூரி விடுதியில். ஆக, வாடகை வீட்டுக்கு வந்தது நானும் எழுபத்தெட்டு வயது அம்மாவும்தான். ஒரு குடும்பத்துக்கு மூன்று இடத்தில் உலை. மூன்று பஸ் மாறி நான் ஊருக்குப் போவது மாதம் ஒருமுறை நடந்தால் பெரிது.

அம்மா முதல் வருஷம் முழுக்கப் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. புதிதாக ஒரு கரண்டி வாங்கினால்கூட "இது நம்ம வீடா? எதுக்கு வாங்குற?" என்பாள். கொல்லையில் இடம் கிடக்கிறதே, ஒரு முருங்கைப் போத்து வைக்கலாம் என்றேன். "அது காய்க்கையில நாம எங்க இருக்கப்போறோமோ, எவன் தின்கிறதுக்கு?" என்று விட்டுவிட்டாள். தண்ணீர் மட்டும்தான் பிடித்தது. எங்கள் ஊரில் குடிக்கிற தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள். இங்கே குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர். அதைக்கூட, "இந்தத் தண்ணி நம்ம ஊருல வந்தா என்ன" என்றுதான் சொல்வாள்.

2022 மாசியில் ஒரு நாள் சாயங்காலம் நான் வீட்டுக்கு வருகிறேன், திண்ணையில் அம்மாவோடு ஒரு பெண் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். குடத்தில் தண்ணீர் எடுக்க வந்தவளாம். "தாயி" என்று அவள் கூப்பிட்ட ஒரு சொல்லிலேயே அம்மா ஊரைக் கண்டுபிடித்துவிட்டாள். முதுகுளத்தூர்ப் பக்கம். அவள் வீட்டுக்காரர் கீதாரி. நான்கு குடும்பத்து ஆடுகளைச் சேர்த்து எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த அறுவடை வயலில் கிடை போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து அம்மாவுக்கு வெளியூர் வாசம் கொஞ்சம் லேசாயிற்று.

டெல்டா விவசாயிகளுக்கு இந்தக் கிடையின் அருமை தெரியும். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்பது சும்மா சொன்ன பேச்சில்லை. நூறு கிலோ ஆட்டுப்புழுக்கையில் ஏறத்தாழ 3 கிலோ தழைச்சத்து, 1 கிலோ மணிச்சத்து, 2 கிலோ சாம்பல்சத்து இருக்கிறது. அதோடு மூத்திரம் நேராக மண்ணில் இறங்குகிறது. ஒரு இரவு ஓரிடம், மறு இரவு பக்கத்து இடம் என்று பட்டியை மாற்றிக்கொண்டே போவார்கள். கிடை எழுந்ததும் மேலாக ஒரு உழவு ஓட்டிவிட வேண்டும். வெயிலில் போட்டுவைத்தால் தழைச்சத்தில் ஒரு பகுதி ஆவியாகப் போய்விடும். கிடைக்குக் கூலி கொடுத்துவிட்டு உழவைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஆனால் கிடை போடுகிறவர்களின் வீடு எப்படி நடக்கிறது என்று நாம் யாரும் கேட்பதில்லை. நானே இருபது வருஷமாகக் கிடையைப் பற்றிப் பயிற்சி வகுப்பில் பேசியிருக்கிறேன். அந்த அடுப்பு எங்கே எரிகிறது என்று பக்கத்தில் பார்த்தது அந்த மாசியில்தான்.

வரப்போரம் ஒரு தார்ப்பாய்க் கூடாரம். மூன்று கல் அடுப்பு. பிறந்த குட்டிகளுக்கு மூங்கிலில் முடைந்த கூடு. ஆண்கள் விடிந்ததும் ஆட்டோடு போய்விடுவார்கள். குட்டிகளுக்குக் குழை ஒடித்துப் போடுவது, தண்ணீர் சுமப்பது, விறகு பொறுக்குவது, சமைத்து மேய்ச்சல் இடத்துக்குக் கொண்டுபோவது எல்லாம் பெண்கள் வேலை. மாசி, பங்குனியில் பாதி வயலில் உளுந்தும் பயறும் நிற்கும். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் ஈரத்தில் தெளித்த பயிர், அந்த ஈரத்திலேயே விளைய வேண்டியது. நான்கு ஆடு உள்ளே புகுந்தால் போச்சு. அப்படி ஒரு நாள் புகுந்து, உளுந்துக்காரர் கூடாரத்துக்கே வந்து சத்தம் போட்டார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. கீதாரி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, இரண்டு இரவு கூலியில்லாமல் கிடை போட்டுத் தருவதாகச் சொல்லி முடித்தார். வெளியூரில் நிற்கிறவனுக்குக் குரலை உயர்த்த முடியாது. இது வேலைமாறுதலில் போகிற எங்களுக்கும் கொஞ்சம் தெரிந்த சங்கதி.

அந்தக் கூடாரத்தில் பன்னிரண்டு வயதில் ஒரு பெண் பிள்ளை. பெயர் வேண்டாம், வளர்கிற பிள்ளை. ஏழாம் வகுப்பு. கொரோனாவில் இரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடம் சரியாக நடக்கவில்லை, பிள்ளை ஆட்டோடு பழகிவிட்டது. 2022 பிப்ரவரி முதல் தேதி பள்ளிக்கூடம் திறந்தார்கள். இவர்கள் கிடைக்குக் கிளம்பியது அதற்குப் பத்து நாள் கழித்து. "ஊருல யாரு இருக்கா தாயி, விட்டுட்டு வர? எங்க மாமியா இருந்தவரைக்கும் பாத்துக்கிட்டாக. அவுகளும் போயிட்டாக. பொட்டப்பிள்ளையத் தனியா விட்டுட்டு நான் இங்க எப்படி இருப்பேன்?" என்றாள் தாய்.

சகோதரியின் கேள்விக்கு இதுதான் பாதிப் பதில். ஊரில் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் இருந்தால் விட்டு வரலாம். இல்லாத வீட்டில் "பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லையா?" என்று கேட்பது சுலபம். கேட்கிறவர் யாரும் பிள்ளையை வைத்துக்கொள்வதில்லை.

எங்கள் தெருவில் அப்போது இல்லம் தேடிக் கல்வி மையம் ஒன்று நடந்தது. சாயங்காலம் தன்னார்வலர் ஒரு பெண் சொல்லிக்கொடுப்பார். முதலில் பிள்ளையை அங்கே உட்காரவைத்தோம். நான்கு நாள் கழித்து அந்தப் பெண்ணே என்னிடம், "மேடம், இவ நல்லாப் படிக்கிறா. பகல்ல பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லுங்க" என்றார். பக்கத்திலிருந்த ஒரு பள்ளியில் கேட்டோம். மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் எப்படிச் சேர்ப்பது, அதுவும் வருஷக் கடைசியில் என்றார்கள்.

வாசகர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தில், ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளை வேறு ஊருக்குப் போனால், மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதைக் காட்டிப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது, தள்ளிப்போடவும் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. சட்டத்தின் 5ஆம் பிரிவு. அதைச் சண்டையாகச் சொல்லாமல், ஒரு தாளில் எழுதி, பிள்ளையின் பழைய பள்ளி பெயர், வகுப்பு, ஆதார் எண் எல்லாம் போட்டுக் கொடுத்தோம். மூன்றாம் நாள் சேர்த்துக்கொண்டார்கள்.

அதோடு முடிந்தால் நல்ல கதை. கிடை நிற்கிற பொருளா? பங்குனி பிறந்ததும் எங்கள் ஊரில் போட வயலில்லை. எட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பண்ணையில் கேட்டார்கள். பஸ் இல்லாத ஊர். பிள்ளை பழையபடி குட்டிக்கூட்டுப் பக்கம் உட்கார வேண்டியதுதான் என்று தாய் முடிவெடுத்துவிட்டாள்.

அப்போதுதான் எங்கம்மா, "பரீட்ச முடியிற வரைக்கும் எங்கூடப் படுத்துக்கிறட்டும், நான் பாத்துக்கிறேன்" என்றாள். என்னைக் கேட்கவும் இல்லை. தாய் உடனே சரி என்று சொல்லவில்லை. இரண்டு நாள் வரவே இல்லை. மூன்றாம் நாள் கீதாரியே வந்தார். வாசலில் நின்றுகொண்டு, "ஆபீசரம்மா, வயசுக்கு வரப்போற பிள்ள. நாளைக்கு ஏதாச்சும் ஒரு சொல்லு வந்தா எங்க சனத்துல நான் தலையெடுக்க முடியாது. நீங்க இந்த ஊருக்காரவுகளும் இல்ல" என்றார். எனக்கு ஒரு நிமிஷம் சுருக்கென்றது. ஆனால் அவர் கேட்டது தகப்பன் கேட்க வேண்டிய கேள்வி. அம்மாதான் பதில் சொன்னாள்: "நாங்களும் உங்களமாதிரிக் கிடை போட வந்தவுகதான்யா. நம்ம மண்ணுல பொறந்த பிள்ள, எம் பேத்திக்குப் பேத்தியா இருக்கட்டும்."

வாரம் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை, கீதாரி சைக்கிளில் வந்து கூட்டிப் போய்ச் சாயங்காலம் விட்டுவிடுவது என்று பேச்சு. தினமும் இரவு ஏழு மணிக்குப் போனில் தாயோடு பேச வேண்டும். பிள்ளை வந்த பிறகு அம்மா பெட்டியைப் பிரித்தாள். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் முருங்கைப் போத்து ஒன்று எங்கிருந்தோ வாங்கிக் கொல்லையில் நட்டிருந்தாள்.

சாப்பாட்டுச் செலவைப் பற்றிப் பேசும்போதுதான் தெரிந்தது, இவர்கள் ரேஷன் அட்டையைப் பத்திரமாக ஊர் வீட்டில் பூட்டிவைத்துவிட்டு, இங்கே கடையில் அரிசி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் எந்த ரேஷன் கடையிலும் அட்டையைக் காட்டி, அட்டையில் பெயருள்ள ஒருவர் விரல் வைத்து வாங்கிக்கொள்ளலாம். கிடைக்குப் போகிற குடும்பங்கள் ஆட்டுக்குத் தடுப்பூசி போடுவதை மறக்காததுபோல, இந்த அட்டையையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் முழு ஆண்டுத் தேர்வு மே மாதம்தான் நடந்தது. பிள்ளை எழுதி முடித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மே 24ஆம் தேதியே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். வழக்கமான ஜூன் 12க்கு 19 நாள் முன்பு. குறுவைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். என் அலுவலகத்தில் விதைநெல் கேட்டுக் கூட்டம். கீதாரிக்கு அத்தனை இரவுக் கூலி போயிற்று. ஊரில் மேய்ச்சல் இல்லாத கோடையில் ஆட்டை ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். போகிற வழியில் மேட்டு நிலமாகப் பார்த்துக் கிடை கேட்டுக்கொண்டே போனார்கள். தாய் கிளம்பும்போது அம்மாவிடம் ஒரு கிடாக்குட்டியைக் கொடுக்கப் பார்த்தாள். வாடகை வீட்டில் எங்கே கட்டுவது என்று அம்மா மறுத்துவிட்டாள். பிறகு அதை நினைத்து இரண்டு நாள் பேசிக்கொண்டிருந்தாள்.

எட்டாம் வகுப்புக்கு அந்தப் பிள்ளையைச் சொந்த மாவட்டத்திலேயே பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியில் சேர்த்தார்கள். இந்த அரசு விடுதிகளில் நான்காம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை தங்கிப் படிக்கலாம். உணவும் தங்குமிடமும் இலவசம். வீட்டுக்கும் பள்ளிக்கும் எட்டு கிலோமீட்டர் தூரம் இருக்க வேண்டும் என்றொரு விதி உண்டு, பெண் பிள்ளைகளுக்கு அது கிடையாது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது விடுதிக் காப்பாளரிடமோ, பள்ளித் தலைமையாசிரியரிடமோ விண்ணப்பம் கேளுங்கள். சகோதரிக்கு என் பதிலின் மீதிப் பாதி இது. கிளம்புகிற தை மாதத்தில் யோசித்தால் நேரம் போதாது. ஜூனிலேயே இடம் பிடித்துவிட வேண்டும்.

விடுதி எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பிள்ளை முதல் மாதம் இரண்டு தடவை அழுது, தகப்பன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவருடைய அண்ணன் மகன் பதினைந்து நாளில் ஓடிவந்து, இப்போது ஆட்டோடுதான் நிற்கிறான். நல்ல மேய்ப்பன். அவனைப் பார்த்து "படிக்காமல் போய்விட்டானே" என்று ஒரேயடியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருநூறு ஆட்டில் எது சினை, எதற்குக் கால் நோவு என்று நடையைப் பார்த்தே சொல்கிறான். அவனுக்கு எழுதப் படிக்கவும் தெரிந்திருந்தால் கிடைக் கணக்கில் ஏமாற மாட்டான், அவ்வளவுதான் என் ஆதங்கம்.

போன மாசியிலும் அவர்கள் வந்தார்கள். பிள்ளை வரவில்லை. தாய் மட்டும் சாயங்காலம் போனைச் சார்ஜ் போட எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஏழு மணியானதும் விடுதிக்குப் போன் போட்டு முதலில் அவள் பேசுவாள், அப்புறம் எங்கம்மா வாங்கிப் பேசுவாள். கொல்லையில் முருங்கை இரண்டு வருஷமாகக் காய்க்கிறது. அவள் திரும்பிப் போகையில் மடியில் நான்கு காயைக் கட்டிக்கொண்டு போவாள்.