ஒரே ஃபைல் போதுமா?

சிறிய சங்கத்துக்கோ நூலகத்துக்கோ இணையதளம் அமைக்கும்போது, நம்பகமான தரவுத்தளம் எது என்று கேட்டால் ஒரு மென்பொருளின் பெயரைப் பதிலாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதிப் பதில்தான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஊழியர் ஒருவர் தவறான சர்வரில் தரவுகளை அழித்துவிட்டார். அங்கே ஓடிய தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். குறை சொல்ல முடியாத மென்பொருள். ஆனால் பேக்கப்பைத் தேடியபோதுதான், மென்பொருள் பதிப்புகள் பொருந்தாததால் அது எடுக்கப்படவே இல்லை என்பது தெரிந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்துவைத்த ஒரு பிரதிதான் கைகொடுத்தது. சம்பளத்துக்கு ஆள் வைத்துக் கவனித்த இடத்திலேயே இந்தக் கதி.

ஓய்வு நேரத்தில் ஒருவர் பார்த்துக்கொள்ளும் தளத்துக்கு, அந்த ஒருவரே தனியாக மீட்டெடுக்க முடிவதுதான் முதல் தகுதி என்பேன். அதில் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளம் முந்துகிறது. அமெரிக்கக் கடற்படைக் கப்பலுக்கான மென்பொருள் வேலையில், தரவுத்தள சர்வர் நின்றால் எல்லாமே நின்றுபோன தொல்லையிலிருந்து 2000இல் ரிச்சர்ட் ஹிப் உருவாக்கியது அது. தனி சர்வர் இல்லை. தரவு முழுவதும் ஒரே ஃபைல். மின்சாரம் போனாலும் அரைகுறைப் பதிவு தங்காது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தரவுகளை நெடுங்காலம் பாதுகாக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களில் அதுவும் ஒன்று.

ஒரு நேரத்தில் ஒருவர்தானே எழுத முடியும் என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரு சந்தா வரவைப் பதிய சில மில்லி நொடிகள் போதும். அடுத்தவர் காத்திருப்பதே தெரியாது. மாற்றங்களை முதலில் தனிப் பதிவேட்டில் எழுதிவைக்கும் டபிள்யூ.ஏ.எல். (WAL) முறையை இயக்கினால், எழுதும்போதே மற்றவர்கள் படிக்கலாம். நாளுக்கு ஒரு லட்சம் வருகைக்குக் குறைவான தளங்களுக்கு இது போதும் என்கிறது அதை உருவாக்கிய குழு. தன் சரக்கைத் தானே மெச்சுவதாகத் தோன்றலாம். ஆனால் அவர்களுடைய தளமும் அதில்தான் ஓடுகிறது. எனக்கு உறுத்துவது வேறு: எண்ணுக்கான பத்தியில் எழுத்தைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், அட்டவணைகளுக்கு இடையிலான தொடர்பை நாம் சொல்லாமல் சரிபார்க்காது. இரண்டையும் தொடக்கத்திலேயே இறுக்கிவிட வேண்டும். பல சர்வர்கள் ஒரே தரவில் எழுதவேண்டி வந்தால், தயங்காமல் போஸ்ட்கிரெஸுக்கு மாறலாம்.

ஒரே ஃபைல்தானே என்று, ஓடிக்கொண்டிருப்பதை அப்படியே காப்பி செய்வது ஆபத்து; எழுதும் நடுவில் எடுத்த பிரதி கெட்டிருக்கலாம். பேக்கப்புக்கென்று உள்ள கட்டளையால் எடுத்து, வேறு கணினியில் திறந்து, கடைசியாக வந்த சந்தா அதில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.