மாமாவின் மோரிஸ் மைனரும் 0.28 ஆம்பியரும்

பழைய காருக்கு முதல் எதிரி துரு என்பார்கள். சிங்கப்பூரில் அது சும்மா நிற்பதுதான் என்பேன். 35 வயதைக் கடந்த வாகனத்தை கிளாசிக் திட்டத்தில் பதிவு செய்தால், ஆண்டுக்கு அதிகபட்சம் 45 நாள்கள்தான் ஓட்டலாம். மீதி 320 நாள்களும் நிறுத்துமிடத்தில் தூக்கம். தனி வீட்டுக்காரர் என்றால் சார்ஜரை மாட்டி வைப்பார். தேக்காவில் வீவக பலமாடி நிறுத்துமிடத்தில் வண்டி வைத்திருக்கும் என் மாமா பிளக் பாயிண்டுக்கு எங்கே போவார்?

மாமாவுடையது 1967 மோரிஸ் மைனர். யாழ்ப்பாணத்தில் தாத்தா ஓட்டிய அதே மாடல் என்பதால் அவருக்கு அது வெறும் கார் இல்லை. ஆனால் ஒரு வாரம் நின்றாலே பேட்டரி செத்துவிடும். புது பேட்டரி போட்டும் அதே கதை. வண்டியோடு வந்த இரும்புக் கைப்பிடியை முன்பக்கம் செருகிச் சுழற்றித்தான் எஞ்சினை எழுப்புவார். 71 வயதில்! “தோள்பட்டை போனா யாரு பாக்கிறது?” என்று மாமி சண்டை. “இன்னொரு தடவை படுத்துச்சுன்னா வித்துடறேம்மா,” என்று என்னிடம் சொன்னபோது மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை.

காலை நிகழ்ச்சி முடிந்த ஒரு சனிக்கிழமை, மல்டிமீட்டரோடு போனேன். வானொலி வேலையில் ஒயர்களோடு கொஞ்சம் பழக்கம் உண்டு.

வண்டி அணைந்திருக்கும்போதும் எங்கோ மின்சாரம் போய்க்கொண்டிருந்தால் அதை ஒட்டுண்ணிக் கசிவு என்கிறார்கள். கண்டுபிடிப்பது எளிது. எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளை மூடி, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து இணைக்க வேண்டும். அப்போது மட்டும் சாவியைத் திருப்பக் கூடாது. மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.

மீட்டர் 0.28 காட்டியது. சிறிய எண்தான். ஆனால் 24 மணி நேரத்தில் 6.7 ஆம்பியர்-மணி; 40 ஆம்பியர்-மணி பேட்டரி ஆறு நாளில் காலி. இந்தக் காலத்துக் கார்களுக்கே 0.05 வரைதான் சரி என்பார்கள். கணினியே இல்லாத இந்த வண்டியில் பூஜ்யத்தை ஒட்டி இருந்திருக்க வேண்டும்.

மைனரில் இரண்டே ஃப்யூஸ். இரண்டையும் பிடுங்கினோம், எண் அசையவில்லை. அப்படியென்றால் கசிவு ஃப்யூஸ் வழியாகப் போகாத ஒயரில். மாமா ஈஆர்பி கருவியைத்தான் சந்தேகப்பட்டார். பாவம், அது நிரபராதி. டைனமோ ஒயரைக் கழற்றினேன், ஏனென்றால் ரெகுலேட்டரின் தொடுமுனை ஒட்டிக்கொண்டால் பேட்டரி அந்த வழியாகவும் வடியும். அதுவும் இல்லை.

கடைசியில் டேஷ்போர்டுக்குக் கீழே கை விட்டேன். வானொலி! மைனர் பாசிட்டிவ் எர்த் வண்டி. புதுமாதிரி வானொலி வைப்பதற்காக ஒரு பணிமனை அதை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருந்தது. அதை ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள். ஆனால் நினைவுக்கான மஞ்சள் ஒயரையும், சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வர வேண்டிய சிவப்பு ஒயரையும் சேர்த்து முறுக்கி நேராக பேட்டரியில் கட்டிவிட்டார்கள். வானொலி இரவு பகலாக அரைத்தூக்கத்தில் இருந்திருக்கிறது. ஒயரைப் பிரித்ததும் மீட்டரில் 0.00.

“உங்க ஆளுங்கதானா?” என்று மாமா சிரித்தார். 1990களில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதை அவரது தம்பி கதை கதையாகச் சொல்வார். இங்கே வானொலி காரையே குடித்திருக்கிறது.

சிவப்பு ஒயரைச் சாவி வழியாக வரும் ஃப்யூஸுக்கு மாற்றினோம். மஞ்சளுக்குத் தனி ஃப்யூஸ் போட்டோம். நீண்ட நாள் நிறுத்தும்போது முழுவதுமாகத் துண்டிக்க, பேட்டரி முனையில் திருகும் சுவிட்ச் ஒன்று.

மூன்று வாரம் வண்டியைத் தொடவில்லை. பிறகு மாமா சாவியைத் திருப்பினார். இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. இந்த ஆண்டுக் கணக்கில் இன்னும் 31 நாள்கள் மிச்சமாம். பொங்கோலா, சாங்கியா என்று மாமியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.